அதே இடத்தில் இரண்டு முறை விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடி

விரிசல் விட்ட ஒரு ஜன்னல் கண்ணாடியை வீட்டிலேயே மாற்றிய அனுபவம் இது. அரை நாள் வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன். ஒரு ரெசின் டியூப், இரண்டு புதுக் கண்ணாடி, ஒரு மாதத்துக்கு மேல் நாட்கள் என்று இழுத்துக்கொண்டு போனது. எங்கே தப்பு நடந்தது என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பந்தின் மேல் விழுந்த பழி

மேற்குப் பார்த்த மர ஜன்னல். ஒரு கதவில் மேலிருந்து கீழாக மூன்று கண்ணாடிகள். கீழ்க் கண்ணாடியில் கோடு விழுந்திருப்பதை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தோம். மதியம் முழுக்க அண்ணன் மகன் வெளியே பந்து அடித்துக்கொண்டிருந்ததால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிட்டது. பந்து அலமாரி மேல் ஏறியது. "நான் அந்தப் பக்கம் அடிக்கவே இல்ல சித்தப்பா" என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. நானும்தான்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் கிட்டே போய்ப் பார்த்தபோது சந்தேகம் வந்தது. ஏதாவது பட்டு உடைந்த கண்ணாடியில் பட்ட இடம் தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரி கோடுகள் நாலாபக்கமும் கிளம்பும். சின்னக் கல் வேகமாக வந்து பட்டால் கூம்பு வடிவில் ஒரு துண்டே பெயர்ந்து விழும். கூம்பின் அகன்ற வாய் அடி விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். வெளியே இருந்து அடித்ததா உள்ளே இருந்தா என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரே ஒரு கோடு. கீழ் விளிம்பில், இடது மூலையிலிருந்து 132 மில்லிமீட்டர் தள்ளிக் கிளம்பி, சட்டத்துக்குச் செங்குத்தாக ஒரு சாண் உயரம் நேரே ஏறி, அப்புறம் இடப்பக்கம் வளைந்து கண்ணாடியின் நடுவிலேயே நின்றிருந்தது. நகத்தை மெல்ல ஓட்டினால் உள்பக்கமும் தட்டியது, வெளிப்பக்கமும் தட்டியது. கண்ணாடியின் முழுக் கனத்துக்கும் பிளந்திருந்தது.

விளிம்பில் செங்குத்தாகத் தொடங்கி, கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு அலையும் விரிசல் என்றால் பெரும்பாலும் வெயில் செய்த வேலை. அதற்கு ஏற்ற குற்றவாளியும் கையிலேயே இருந்தார். மதியத் தூக்கத்துக்கு வெளிச்சம் தொந்தரவாக இருக்கிறது என்று அந்தக் கண்ணாடியின் உள்பக்கம் கறுப்புச் சார்ட் அட்டையை ஒட்டி வைத்திருந்தேன்.

கறுப்பு அட்டை வெயிலை விழுங்கிக் கண்ணாடியின் நடுப்பகுதியைச் சூடாக்கும். கண்ணாடியின் ஓரமோ சட்டத்தின் காடிக்குள் (கண்ணாடி உட்கார மரத்தில் வெட்டிய படி), அதைப் பிடித்து நிறுத்தப் பூசிய பட்டிக்கு அடியில் நிழலில் ஒளிந்திருக்கிறது. நடுப்பகுதி விரியப் பார்க்கும், குளிர்ந்த ஓரம் விடாது. விளைவாக ஓரம் இழுபடும். அமுக்கினால் கண்ணாடி நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. நடுவுக்கும் ஓரத்துக்கும் 40 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வந்தால் ஓரத்தில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 25 நியூட்டன் வரை இழுவிசை ஏறலாம். விளிம்பில் பிசிறு உள்ள சாதாரணக் கண்ணாடிக்கு அது தாராளமாகப் போதும். ஜன்னல் கண்ணாடியில் ஸ்டிக்கர், அட்டை, கறுப்பு ஃபிலிம் எதையும் யோசிக்காமல் ஒட்டக் கூடாது என்பதற்கும், கனமான திரைச்சீலையைக் கண்ணாடியோடு ஒட்டித் தொங்கவிடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

அட்டையைக் கிழித்துப் போட்டேன். பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ரெசின் விட்டுப் பார்த்தது

கோடு ஒன்றுதானே, ஒட்டிவிடலாமே என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். கார் முன்கண்ணாடிக்கு விற்கிற, வெயில் பட்டால் இறுகும் ரெசின் ஒரு டியூப் கிடைத்தது. விரிசலைத் துடைத்து, காய வைத்து, வெளிப்பக்கம் டேப் ஒட்டி, உள்பக்கம் கோட்டின் மேல் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். சொட்டு விழுந்ததும் விரிசல் தானாகவே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கோடு பளிச்சென்று மின்னிய இடத்தில் ஈரம் நகர நகர, பின்னாலேயே கோடு மறைந்துகொண்டே வருவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52. ரெசினுடையதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடுவில் இருந்த காற்று போய்விட்டால் ஒளி திரும்ப இடமில்லை, கோடு கண்ணுக்குத் தெரியாது. பத்து நிமிடம் வெயில், மேலே வழிந்ததைப் பிளேடால் சுரண்டல், அவ்வளவுதான். தள்ளி நின்று பார்த்தால் முக்கால்வாசி காணோம்.

அன்றே விரிசலின் நுனியில் மார்க்கரால் ஒரு சின்னக் கோடு போட்டுத் தேதியும் எழுதி வைத்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். மூன்றாம் நாள் பார்த்தால் நுனி என் கோட்டைத் தாண்டி 11 மில்லிமீட்டர் போயிருந்தது. ஐந்தாம் நாள் ஜன்னலைச் சாத்தியபோது, கண்ணெதிரிலேயே, ஒரு சத்தம்கூட இல்லாமல் மேல் விளிம்பு வரை ஓடி முடித்தது.

முன்கண்ணாடியில் பலிக்கிற வைத்தியம் ஜன்னலில் ஏன் பலிக்கவில்லை? கார் முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது. கல் பட்டால் பெரும்பாலும் வெளிக் கண்ணாடியில் மட்டும் சின்னதாகச் சில்லு பெயரும், மீதி அதைப் பிடித்துக்கொள்ளும். ரெசின் அந்தச் சின்னக் குழியை நிரப்பினால் போதும். ஜன்னலில் இருப்பது ஒற்றைக் கண்ணாடி. முழுக் கனத்துக்கும் பிளந்தபின் பிடித்துக்கொள்ள அங்கே வேறெதுவும் இல்லை. போதாததற்கு ஈரம் வேறு. கண்ணாடி ஏற்கெனவே இழுபட்டுக்கொண்டிருந்தால், விரிசலின் கூர்நுனியில் இருக்கும் பிணைப்புகளை நீராவியே மெல்ல மெல்ல அறுத்துவிடும். நேற்று நின்ற கோடு இன்று நீளமாக இருப்பது பெரும்பாலும் அதனால்தான். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து நானே அதற்கு உதவி செய்திருக்கிறேன்.

நகப்பூச்சு, சூப்பர் க்ளூ எல்லாம் இதே கதைதான். புதுக் கண்ணாடி வரும் வரை தூசி, தண்ணீர் போகாமல் அடைக்கலாம், பலம் எதுவும் கிடைக்காது. விரிசல் நுனியில் துளை போட்டால் நிற்கும் என்றும் சொல்வார்கள். இரும்புத் தகட்டில் அது நல்ல உபாயம். வீட்டு டிரில்லால் கண்ணாடியில் போடும் துளையின் ஓரமே ஆயிரம் பிசிறோடு இருக்கும், அங்கிருந்து புதிதாக ஒன்று கிளம்பும். இடைக்காலத்துக்கு உருப்படியான வேலை ஒன்றுதான்: இரண்டு பக்கமும் அகலமான டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டுவது. உடைந்தாலும் சில்லு மேலே விழாது.

கழற்றியதும் மாட்டியதும்

கழற்றுவதில்தான் கை கிழியும். தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, மூடிய செருப்பு இல்லாமல் தொடக் கூடாது. கண்ணாடி முழுக்க டேப் ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே இரு பக்கமும் பழைய போர்வை விரித்துக்கொண்டேன். துண்டுகளை மேலிருந்துதான் எடுக்க வேண்டும். கீழ்த்துண்டை முதலில் உருவினால் மேலே தொங்குவது நேராக மணிக்கட்டில் இறங்கும். எடுத்ததைத் தடித்த அட்டையில் சுற்றி, மேலே 'உடைந்த கண்ணாடி' என்று பெரிதாக எழுதினேன். குப்பை அள்ளுபவருக்கு அது தெரிய வேண்டும். தரையில் சிதறிய பொடிக்கு ஒரு வழி: விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்தால் ஒவ்வொரு துணுக்கும் மின்னும். ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுக்கலாம்.

பழைய பட்டி கல்லாகிவிட்டிருந்தது. ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத்தூளும் பிசைந்த பட்டி காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுவது. வருஷம் ஏற ஏற உளிக்கும் மசியாது. ஹீட் கன் வைத்தால் இளகும், ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், சூடாக்கினாலும் காய்ந்தபடி தேய்த்தாலும் அது காற்றில் கலந்து மூச்சில் போகும். அதனால் தண்ணீர் தெளித்து, பழைய உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். மூன்று பக்கம் சுத்தமாக வந்தது. கீழ்ப்பக்கம் இடது மூலையை ஒட்டி ஒரு கை அகலத்துக்கு மட்டும் வரவில்லை. அடித்தால் மரம் பிளந்துவிடுமோ என்று பயம். தடவிப் பார்த்தேன், மட்டமாகத்தான் இருக்கிற மாதிரி இருந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

அப்புறம் அளவு. காடிக்குள் அகலம் மேலே 412, நடுவில் 411, கீழே 410 மில்லிமீட்டர். உயரம் இடப்பக்கம் 608, வலப்பக்கம் 607. மர ஜன்னல் எதுவும் சரியான செவ்வகமாக இருக்காது, மூன்று இடத்தில் அளந்து சிறியதை எடுக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அதிலிருந்து இன்னும் 3 மில்லிமீட்டர் கழிக்க வேண்டும் என்பதும் தெரியும். 'இடைவெளி விட்டால் ஆடுமே' என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து 410-க்கு 607 என்று எழுதிக் கொடுத்தேன். 4 மில்லிமீட்டர் கனம், சுமார் 2.5 கிலோ எடை. சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரைக் கிலோ என்று கணக்கு.

மாட்டும்போது கடைசி மூலை சுலபமாக இறங்கவில்லை. உள்ளங்கையால் அழுத்தினேன். 'கீச்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. அச்சாகப் பொருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் 'கீச்' இப்போதும் காதில் இருக்கிறது.

மழை பெய்த காலை

பத்தொன்பதாம் நாள். இரண்டு நாளாக மழை, வெயிலே இல்லை, கண்ணாடியில் எந்த அட்டையும் இல்லை. காலையில் எழுந்தால் கீழ் விளிம்பிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு.

அளவு டேப்பை எடுத்து அளந்தேன். இடது மூலையிலிருந்து 130 மில்லிமீட்டர். போன கண்ணாடியில் 132. வேறு வேறு கண்ணாடி, வேறு வேறு வானிலை, உடைந்த இடம் மட்டும் ஒன்று. வெயில்மேல் போட்ட வழக்கு அந்த நிமிடமே தள்ளுபடி.

இந்த முறை துண்டை எடுத்ததும் முதலில் விளிம்பைப் பார்த்தேன். விரிசல் தொடங்கும் இடத்தில், வெளிப்பக்க ஓரத்தில், நகக்கண் அளவுக்குச் சிப்பி வடிவில் ஒரு பெயர்வு. உள்பக்க ஓரம் சுத்தமாக இருந்தது. போன கண்ணாடியின் துண்டுகள் இன்னும் பரணில்தான் கிடந்தன. சுற்றிய அட்டையைப் பிரித்து அதே விளிம்பைத் தேடினேன். அதே இடம், அதே வெளிப்பக்கம், அதே சிப்பி. முதல் நாளே இதைப் பார்த்திருக்கலாம். கண்ணாடியைக் கழற்றுவதில் இருந்த அவசரம் அதைப் படிப்பதில் இல்லை.

இவ்வளவு சின்னப் பெயர்வு ஒரு கண்ணாடியையே பிளக்குமா என்றால், பிளக்கும். ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921-இல் வெளியான தன் கட்டுரையில் விளக்கியது இதைத்தான். அணுக்களின் பிணைப்பை வைத்துக் கணக்குப் போட்டால் கண்ணாடி தாங்க வேண்டிய விசை மிகப் பெரியது. நிஜக் கண்ணாடி அதில் நூற்றில் ஒரு பங்கிலேயே உடைந்துவிடுகிறது. காரணம், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். மொத்த விசையும் கீறலின் கூர்நுனியில் குவிகிறது. கிரிஃபித் புதிதாக இழுத்த கண்ணாடி நூல்களைச் சோதித்தார். நூல் மெலிய மெலிய அதன் பலம் ஏறியது, பெரிய கீறல் இருக்க அதில் இடமில்லை. ஜன்னல் கண்ணாடியில் முகத்தைவிட விளிம்புதான் கீறல்களின் கூடாரம், வெட்டிய இடம் அல்லவா.

3 மில்லிமீட்டருக்கும் 4 மில்லிமீட்டருக்கும் நடுவே

போன தடவை பயந்து விட்ட அந்தக் கை அகலப் பட்டியை இப்போது விடவில்லை. ஆளிவிதை எண்ணெய் தடவி ஓர் இரவு ஊறவிட்டு, உளியைப் படுக்க வைத்துச் சீவிச் சீவி எடுத்தேன். மூன்றாவது சீவலில் உளி 'டங்' என்றது. இரும்பு.

தலை போன ஒரு சின்ன ஆணியின் முளை. காடியின் தரையில் நின்றிருந்தது, சுற்றிலும் துரு உப்பி மரம் கறுத்துப்போயிருந்தது. அளந்து பார்த்தேன்: காடியின் பின்சுவரிலிருந்து சரியாக 3 மில்லிமீட்டர் தள்ளி. இதே கதவின் மற்ற இரண்டு கண்ணாடிகளை அளந்தபோது எல்லாம் புரிந்தது. இரண்டும் 3 மில்லிமீட்டர் கனம். இதிலும் முதலில் இருந்தது 3 மில்லிமீட்டர் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடி நழுவாமல் அதன் முகத்தை ஒட்டி அடித்த ஆணி அது. எப்போதோ யாரோ 4 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டபோது, ஆணியைப் பிடுங்கச் சோம்பல்பட்டு ஒடித்துவிட்டு, மேலே பட்டியைத் தடவிவிட்டுப் போயிருக்கிறார். புதுக் கண்ணாடியின் வெளிப்பக்க ஒரு மில்லிமீட்டர் ஓரம் மட்டும் அந்த முளைமேல் உட்கார்ந்திருக்கிறது. சிப்பி ஏன் வெளிப்பக்கம் மட்டும் பெயர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை. அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, நானும் அதையேதான் செய்தேன்.

மீதிக் கதையைச் சேர்த்துக்கொள்ளலாம். இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகும். மழையில் மரம் நாருக்குக் குறுக்கே உப்பும், நீளவாக்கில் அசையாது. அதனால் கீழ்ச்சட்டம் உப்பினால் காடி மேல்நோக்கி நெருங்கும். நான் 3 மில்லிமீட்டர் கழித்திருந்தால் கண்ணாடி கொஞ்சம் மேலே நகர்ந்து தப்பியிருக்கும். அச்சாக வெட்டியதில் அதற்குப் போக்கிடமே இல்லை. முதல் கண்ணாடியை முளை காயப்படுத்தி வைத்திருந்தது, கறுப்பு அட்டையின் சூடு அந்தக் காயத்தைப் பிளந்தது. இரண்டாவதற்குச் சூடு தேவைப்படவில்லை.

மூன்றாவது கண்ணாடி

முளையைக் குறடால் பிடுங்கி, துருக்கறை ஏறிய மரத்தைச் சுரண்டி, காடி முழுக்கப் பிரைமர் அடித்துக் காயவிட்டேன். பிரைமர் முக்கியம். வெறும் மரம் பட்டியிலிருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும், பட்டி சீக்கிரமே வெடிக்கும்.

இம்முறை அளவு 407-க்கு 604. வந்த கண்ணாடியின் நான்கு விளிம்புகளையும் சாணைக்கல்லால் தண்ணீர் தொட்டு லேசாக உரசினேன். கையைக் கிழிக்காது, வெட்டும்போது விழுந்த பிசிறுகளும் கொஞ்சம் மழுங்கும். உடைந்த துண்டுகளில் கண்ணாடி வெட்டவும் பழகிப் பார்த்தேன். சக்கரத்தில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய், ஒரே இழுப்பு, 'சர்ர்' என்று ஒரே சீரான சத்தம், பிறகு கோட்டுக்கு அடியில் பென்சிலை வைத்து இரு பக்கமும் அமுக்கினால் பிளந்துகொள்கிறது. அதே கோட்டின் மேல் இன்னொரு முறை இழுத்தால் தாறுமாறாக உடையும், சக்கரமும் கெடும். பத்தில் நாலு தேறியது. அந்த லட்சணத்தில் கடையில் வெட்டி வாங்குவதே நல்லது.

பட்டியை உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து, காடியின் பின்சுவரில் மெல்லிய திரியாக வைத்தேன். கீழே, அகலத்தின் கால்பங்கிலும் முக்கால்பங்கிலும் 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் துண்டு ஒவ்வொன்று. கண்ணாடி அந்த இரண்டின் மேல்தான் நிற்க வேண்டும், மரத்தில் எங்கும் படக் கூடாது. விரல்களால் ஓரங்களை மட்டும் அழுத்தினேன். நடுவில் கை வைத்தால் வளைந்து போய்விடும். உள்பக்கம் பிதுங்கி வந்த பட்டி ஒரே கனத்தில் நின்றபோது நிறுத்திக்கொண்டேன். கடைசி மூலை இந்த முறை சத்தமில்லாமல் உட்கார்ந்தது. புது ஆணிகளை 4 மில்லிமீட்டருக்கு வெளியே, கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் அடித்து, மேல் பட்டியைச் சாய்வாக இழுத்துவிட்டேன். பட்டிக் கத்தியை ஒரு மூலையில் வைத்தால் அடுத்த மூலை வரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும், நடுவில் நின்றால் அந்தத் தழும்பு போகாது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய வைத்தேன். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு கிளப்பும், குவித்துவைத்த துணி தானாகத் தீப்பிடிக்கும்.

இதெல்லாம் தரைத்தளத்தில், மரச்சட்டத்தில், சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்குச் சொன்னது. மூலையில் முத்திரை இருந்தால் பெரும்பாலும் அது டஃபன்ட், அதாவது பலமேற்றிய கண்ணாடி. அதை வெட்டவே முடியாது, அளவு கொடுத்துச் செய்துதான் வாங்க வேண்டும். உடைந்தால் பொடிப் பொடியாக உதிரும், ஒட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்றால் மூடி முத்திரையிட்ட முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். அலுமினியச் சட்டத்தில் பட்டிக்குப் பதில் ரப்பர் பீடிங்தான் இருக்கும், ஆனால் இடைவெளிக் கணக்கும் கீழ்த்துண்டுகளும் அங்கேயும் உண்டு. மாடி ஜன்னலை வெளியே எட்டி நின்று மாற்றுவதை நான் செய்யமாட்டேன். ஆள் நடமாடும் கதவில், குளியலறையில், தரையை ஒட்டி இருக்கும் கண்ணாடிக்குச் சாதாரண ரகமே போடக் கூடாது.

பட்டிமேல் ஆடை படிய இரண்டு வாரம் ஆனது. பிறகு பெயின்ட், கண்ணாடிமேல் 2 மில்லிமீட்டர் ஏறும்படி. அந்த மெல்லிய கோடுதான் மழைத்தண்ணீரைப் பட்டிக்குப் பின்னால் போகவிடாமல் தடுப்பது. அதுவரை யாரும் கதவை அறைந்து சாத்திவிடக் கூடாதே என்று ஒரு காகிதத்தில் 'மெதுவாக' என்று எழுதி ஒட்டி வைத்திருந்தேன். சட்டத்தின் மேல்தான் ஒட்டினேன். அண்ணன் மகன் ஒரு தடவை பார்த்துவிட்டு, "கண்ணாடியில ஒட்டலையா சித்தப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.